ஓ.பி. சீட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள்: ஏலகிரியில் ஒரு பயனாளர் மாநாடு எப்படி இருக்க வேண்டும்?



உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. கடைசியாக அரசு மருத்துவமனைக்குப் போனபோது முதலில் யாரிடம் பேசினீர்கள்? டாக்டரிடம் இல்லை. ஓ.பி. சீட்டு போடும் கவுன்டரில் இருந்தவரிடம்தான். "பேர் என்ன? வயசு என்ன? எந்த ஊரு? ஏற்கெனவே வந்திருக்கீங்களா?" இந்த நாலு கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலை அவர் கணினியில் தட்டினார். அன்று நீங்கள் போன மருத்துவர் அறை, ரத்தப் பரிசோதனை, மருந்து கொடுக்கும் இடம் எல்லாமே அந்தப் பதிவைத் தொடர்ந்துதான் நடந்தன.

அந்தக் கணினியில் இருப்பது மருத்துவப் பதிவு மென்பொருள். அதைப் பயன்படுத்துபவர்கள் நம் ஊர் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், லேப் டெக்னீஷியன்கள், பதிவேட்டுப் பிரிவுப் பணியாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள். இவர்களை ஆங்காங்கே கூட்டி வைத்துக் கூட்டங்கள் நடக்கும். இந்த உரை அந்தக் கூட்டங்களைப் பற்றியது. உதாரணத்துக்கு ஏலகிரியை எடுத்துக்கொள்கிறேன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் பகுதிப் பணியாளர்களுக்கு அங்கே ஒரு மாநாடு வைத்தால், அது உருப்படியாக நடக்க என்னென்ன திட்டமிட வேண்டும்?

"அது அவங்க டிபார்ட்மென்ட் விஷயம், எனக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் உடல்நலத் தகவல் இன்று பல இடங்களில் பதிவாகிறது. 2005-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் கணினிப் பதிவு பரவலானது. கர்ப்பிணிகளுக்கு பிக்மி என்ற பதிவு இருக்கிறது. அதில் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண், குழந்தையின் பிறப்புப் பதிவோடு இணைந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் விவரம் வீடு தேடி வந்து பதிவு செய்யப்படுகிறது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் அறிமுகமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் 14 இலக்க ஆபா எண் தருகிறார்கள். இவை போக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, தனியார் மருத்துவமனை ஃபைல்கள்.

இத்தனை இடத்திலும் நீங்கள் ஒரே ஆள்தான். ஆனால் கணினிக்கு அது தானாகத் தெரியாது. பெயரில் ஒரு எழுத்து மாறினால் இரண்டு ஆட்கள். இரண்டு ஆட்களானால், போன மாதம் "பென்சிலின் ஒத்துக்காது" என்று எழுதியது ஒரு பதிவில் இருக்கும். இன்று டாக்டர் திறந்து பார்ப்பது இன்னொரு பதிவாக இருக்கும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரிகிறது இல்லையா?

இந்தச் சிக்கலை முதலில் பார்ப்பவர் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். தினமும் பார்ப்பவரும் அவரே. மென்பொருள் எழுதுபவர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பார். இந்த இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் நாள்தான் பயனாளர் மாநாடு. அந்த நாள் வீணானால் இழப்பு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பயிற்சி வேறு, மாநாடு வேறு

பயிற்சி வகுப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் திரையில் காட்டுவார். "இந்த பட்டனை அழுத்துங்க, அடுத்த பக்கம் வரும்" என்பார். மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். புது மென்பொருள் வரும்போது இது அவசியம். உலகின் பல நாடுகளில் சுகாதாரத் துறைகள் பயன்படுத்தும் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற மென்பொருளை ஆஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது. அவர்கள் பயிற்சிக்கு 'அகாடமி' என்று தனியாக வைக்கிறார்கள், பயனாளர்கள் கூடிப் பேச ஆண்டு மாநாடு என்று தனியாக வைக்கிறார்கள்.

பயனாளர் மாநாட்டில் பேச வேண்டியவர் பயனாளர். "இந்த பட்டனை அழுத்தினா, கூட்டம் இருக்கற நேரத்துல ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கு. வரிசையில நிக்கறவங்க என்னைத் திட்டறாங்க" என்று அவர் சொல்ல வேண்டும். மென்பொருள் செய்தவர் நோட்டை எடுத்து எழுத வேண்டும்.

அப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் விஸ்டா என்ற மென்பொருள் உருவானது. 1970-களின் இறுதியில், மருத்துவமனைகளுக்குள்ளேயே இருந்த மருத்துவர்களும் நிரலாளர்களும் சேர்ந்து அதை எழுதத் தொடங்கினார்கள். 1992-ல் கான்சஸ் மாநிலம் டொபீகாவில் அத்தகைய மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த சூ கின்னிக் என்ற செவிலியர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடைப் படித்து, சில நொடியில் கணக்கை முடித்தார். காருக்கே இப்படிச் செய்ய முடியுமென்றால், சரியான மாத்திரை சரியான நோயாளிக்குப் போகிறதா என்று பார்க்க ஏன் முடியாது என்று கின்னிக் யோசித்தார். நோயாளியின் கைப்பட்டையிலும் மருந்திலும் பார்கோடு வந்தது. பிறகு அந்த முறை நாடெங்கும் உள்ள முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளுக்குப் பரவியது. யோசனை வந்தது வார்டில் மாத்திரை கொடுத்தவரிடமிருந்து. அதைக் காது கொடுத்துக் கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2004-ல் தொடங்கிய ஓபன் எம்.ஆர்.எஸ். என்ற கட்டற்ற மென்பொருள், கென்யாவில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரின் பதிவுகளைப் பராமரிக்கும் தேவையிலிருந்து வளர்ந்தது. அதை அடித்தளமாக வைத்து, ஆய்வகம், பில்லிங் ஆகியவற்றையும் சேர்த்து, பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருள் இந்தியாவில் உருவானது. அது முதலில் வேலை செய்தது பெருநகர மருத்துவமனையில் அல்ல. சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே கனியாரி என்ற ஊரில், பழங்குடி மக்களும் ஏழைகளும் வரும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில்.

ஓபன் எம்.ஆர்.எஸ். குழுவினர் தங்கள் மாநாடுகளில் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலின் ஒரு பகுதியை வெற்றாகவே விட்டுவிடுவார்கள். வந்தவர்கள் தாங்கள் பேச விரும்புவதைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். எந்தச் சீட்டுக்கு ஆள் சேர்கிறதோ அந்தத் தலைப்புக்கு ஒரு மேசை. இதற்கு முன்னோடியான 'திறந்த வெளி' முறையை 1980-களில் உருவாக்கியவர் ஹாரிசன் ஓவன். பெரிய மாநாடு ஒன்றை நடத்தி முடித்த பிறகு, எல்லோருக்கும் பிடித்தது காபி இடைவேளைதான் என்பதை அவர் கவனித்தார். அதனால் மாநாட்டையே அந்த மாதிரி அமைத்தார். நம்ம ஊரிலும் டீக்கடையில் நின்று பேசும்போதுதானே உண்மையான பிரச்சினை வெளியே வருது?

ஏன் ஏலகிரி?

ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற மலை. 14 சிற்றூர்கள் சேர்ந்தது. ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். கீழே ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பு. வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றுலா இடம். இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு இது சொந்த ஊர்.

குளுகுளு என்று இருக்கிறது என்பதற்காக மாநாட்டை அங்கே வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் ரிசார்ட் ஹாலுக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்துவிட்டு, புங்கனூர் ஏரியில் படகு ஓட்டிவிட்டு, குரூப் போட்டோவோடு இறங்கிவிடுவார்கள். ஏலகிரியில் வைப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. மருத்துவப் பதிவு எங்கெல்லாம் அறுந்துபோகும் என்பதை இந்தப் பகுதி ஒரே இடத்தில் காட்டிவிடும்.

மலை மேல் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து வளைவுகளில் இறங்கி திருப்பத்தூர் அரசு மருத்துவமனை. அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது சி.எம்.சி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பதிவு. நோயாளி போகும் வேகத்துக்கு அவருடைய தகவலும் போகிறதா?

கீழே சமவெளியில் தோல் பதனிடும் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ் ஏறி வேலைக்கு வரும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் தனி மாவட்டம். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த அக்காவின் வீடு ஒரு மாவட்டம், வேலை இன்னொரு மாவட்டம். ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் பதிவு இருக்கலாம். 2024-ல் வந்த தொழிலாளரைத் தேடி மருத்துவம் மூலம் வேலையிடத்திலும் பரிசோதனை நடந்திருக்கலாம். இரண்டும் ஒரே அக்காதான் என்று யார் சொல்வது?

மாநாட்டில் பேச வேண்டிய மூன்று மேசைகள்

இந்தப் பகுதிக்கு என்று மூன்று தலைப்புகளைச் சொல்கிறேன்.

முதல் மேசை: பெயர்.

நம்மில் பலருக்கு இரண்டாம் பெயர் என்று ஒன்று இல்லை, இன்ஷியல்தான். மென்பொருளோ 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று கேட்கும். ராமசாமி மகள் செல்வி ஒரு இடத்தில் ஆர். செல்வி, இன்னொரு இடத்தில் செல்வி ஆர்., வேறொரு இடத்தில் செல்வி ராமசாமி. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. காதர் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'கே' போட்டு எழுதுபவர் உண்டு, 'க்யூ' போட்டு எழுதுபவரும் உண்டு. ஷேக், முகமது ஆகிய பெயர்களுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒலியை வைத்துப் பெயர் தேட சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை ஒன்று உண்டு. 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்றது. அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை எண்ணாக மாற்றும். 'கே' காதரும் 'க்யூ' காதரும் அதில் சேரவே மாட்டார்கள். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த முறை நம் ஊருக்குப் பொருந்தாது என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஆகவே இந்த மேசையில் உட்கார வேண்டியவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் கவுன்டர் பணியாளர்கள். தாங்கள் தினமும் பார்க்கும் பெயர் வகைகளை அவர்கள் பட்டியல் போட வேண்டும். உண்மையான நோயாளியின் பெயர் வேண்டாம், வகை போதும். மென்பொருளாளர் அந்தப் பட்டியலை வைத்துத் தேடல் வசதியைச் சோதித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாம் மேசை: தொழில்.

தோல் பதனிடுதலில் குரோமியம் உப்பு பயன்படுகிறது. ஷூ தயாரிப்பில் பசை பயன்படுகிறது. இரண்டுமே சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொடுக்கும். கையில் அரிப்பு என்று ஒருவர் வருகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி. 10-ல் உலோகத்தால் வரும் தோல் ஒவ்வாமைக்கு எல்23.0 என்று தனிக் குறியீடு இருக்கிறது. பசையால் வருவதற்கு எல்23.1. காரணம் குறிப்பிடாத பொதுவான தோல் அழற்சிக்கு எல்25.9. கூட்ட நேரத்தில் எது மேலே தெரிகிறதோ அதைத்தானே தட்ட முடியும்? எல்லாமே பொதுவான குறியீட்டில் விழுந்துவிட்டால், எந்தத் தெருவில், எந்த வேலை செய்பவர்களுக்கு இது அதிகம் என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டதை இந்தப் பகுதி மறக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அப்படிப்பட்ட ஊரில், ஓ.பி. பதிவில் 'என்ன வேலை செய்யறீங்க?' என்ற கேள்விக்கு ஒரு கட்டம் இருக்கிறதா, இருந்தால் அது நிரப்பப்படுகிறதா என்று இந்த மேசை பேச வேண்டும். கட்டத்தைக் கட்டாயமாக்கினால் வரிசை நீளும். அதனால் 'தோல் பதனிடுதல், ஷூ தையல், பசை ஒட்டுதல், பீடி, விவசாயம், மற்றவை' என்று ஒரே தொடுதலில் தேர்வு செய்யும்படி வைக்கலாமா? இதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர் வரிசையைச் சமாளிப்பவர்தான்.

மூன்றாம் மேசை: சிக்னலும் பரிந்துரையும்.

மலையில் மழைக் காற்று அடித்தால் மின்சாரம் போகும், இணையமும் போகும். அப்போது பதிவு என்ன ஆகிறது? நோட்டில் எழுதி வைத்து, இணையம் வந்ததும் திரும்பத் தட்டுகிறார்கள் என்றால் ஒரே வேலை இரண்டு முறை. தட்டும்போது தேதி மாறினால் தடுப்பூசிக் கணக்கே மாறும். இணையம் இல்லாதபோதும் கருவியிலேயே சேமித்து, வந்தபின் தானாக அனுப்பும் வசதி வேண்டும். அதேபோல், மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் குறைந்தது எவை இருக்க வேண்டும்? என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எது ஒத்துக்காது, பதிவு எண் என்ன. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிவு செய்யலாம். தனித்தனியாகக் கடிதம் எழுதினால் மாதக் கணக்கில் இழுக்கும்.

யாரை அழைப்பது, எப்போது வைப்பது?

இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பாளர்கள் வருவார்கள். அவர்கள் வரட்டும், முடிவெடுக்க அவர்கள் தேவை. ஆனால் ஒரு மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் என்றால், அதில் இரண்டு பேர் தினமும் அந்தத் திரையைப் பார்ப்பவர்களாக இருக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் அன்றைய நாள் பணி நாளாகவே கணக்கிடப்படும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் சம்பளத்தை இழந்து யார் மலை ஏறுவார்கள்?

நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு மருத்துவமனை அட்டவணையையும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை ஓ.பி. கூட்டம் அதிகம். புதன்கிழமை தடுப்பூசி நாள். மாதக் கடைசியில் அறிக்கை அனுப்பும் அவசரம். சனி, ஞாயிறு மலையில் சுற்றுலாக் கூட்டம், அறை வாடகை ஏறும். ஆக மாதத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரம் ஒரு வியாழன் பொருத்தமாக இருக்கும். பெண் பணியாளர்கள் அதிகம் என்பதால், காலையில் ஏறி மாலை இருட்டுவதற்குள் இறங்கும்படி ஒரே நாளில் முடிப்பது நல்லது. ஜோலார்பேட்டை ரயில் நேரத்தைப் பார்த்து வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். வளைவில் தலைசுற்றல் வருபவர்கள் உண்டு. வந்ததும் உட்கார வைத்து இஞ்சி டீ கொடுத்துவிட்டு ஆரம்பித்தால் தப்பில்லை.

அவர்கள் வரும் நாளில் கவுன்டரை யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இங்கே மாநாடு, அங்கே நீங்கள் வரிசையில் மூன்று மணி நேரம் என்றால் அது நியாயம் இல்லை.

இன்னொரு நாற்காலி மிக முக்கியம். நோயாளி தரப்பில் இரண்டு பேர். ஒருவர் மலையில் வசிப்பவர், இன்னொருவர் ஆலைத் தொழிலாளி. சம்பிரதாயத்துக்கு மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போத்த வேண்டாம். மேசையில் உட்காரட்டும். "எனக்கு வந்த எஸ்.எம்.எஸ். இங்கிலீஷ்ல இருக்கு, எனக்குப் புரியல" என்று அவர் சொல்லும் ஒரு வரி, பத்து ஸ்லைடுக்குச் சமம்.

அன்றைய நாள் எப்படி நடக்கலாம்?

இரண்டு வாரம் முன்னாடியே எல்லா நிலையங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் படிவம் போகட்டும். ஒரே கேள்வி: "இந்த மென்பொருளில் உங்கள் நேரத்தை அதிகம் தின்பது எது?" குரல் பதிவாகவும் அனுப்பலாம். வந்த பதில்களை வகை பிரித்தால் காலை நிகழ்ச்சி தயார்.

வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அடுத்து, பணியாளர்களே தங்கள் வேலையை மாதிரித் தரவில் திரையில் செய்து காட்டுவது. ஒரு நோயாளியைப் பதிவு செய்ய எத்தனை தொடுதல், எத்தனை நிமிடம் என்று மென்பொருளாளர் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு மேசைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சிறு குழுவாக மலை மேல் உள்ள சுகாதார நிலையத்துக்குப் போய், சிக்னல், மின்சாரம், கணினி இருக்கும் இடம், வரிசை நிற்கும் விதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நோயாளிகள் இருக்கும் அறைக்குள் கூட்டமாக நுழையக் கூடாது, யாருடைய பதிவையும் திறந்து பார்க்கக் கூடாது.

இதை அழுத்திச் சொல்கிறேன். மாநாட்டில் உண்மையான நோயாளியின் பதிவைத் திரையில் போடவே கூடாது. "ஒரு சாம்பிளுக்கு" என்று போட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், ஒரு பெண்ணின் கர்ப்ப விவரமோ ஒருவரின் காசநோய் சிகிச்சையோ ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், சின்ன ஊரில் ஒரு பெயர் கசிந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று யோசித்தாலே போதும்.

எல்லாம் தமிழில் நடக்க வேண்டும். சர்வர், லாகின், பாஸ்வேர்டு என்று எல்லோரும் புழங்கும் சொற்கள் அப்படியே இருக்கட்டும். ஆனால் விளக்கம் தமிழில். ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓடினால், சொல்ல விஷயம் உள்ளவர் பின் வரிசையில் அமைதியாக உட்கார்ந்துவிடுவார்.

கடைசி ஒரு மணி நேரம் பட்டியலுக்கு. மூன்று வரிசை: என்ன மாற்றம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். "பரிசீலிக்கப்படும்" என்ற சொல்லுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. செய்ய முடியாதது என்றால் ஏன் முடியாது என்று எழுதட்டும், அதுவும் நல்ல பதில்தான். 90 நாள் கழித்து அதே ஆட்கள் காணொலியில் கூடிப் பட்டியலைப் படிக்க வேண்டும். எத்தனை முடிந்தது என்பதை வைத்துத்தான் அந்த மாநாட்டுக்கு மதிப்பெண்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாநாட்டு அறைக்கு வெளியே உங்களுக்கும் வேலை இருக்கிறது. கையில் போன் இருக்கிறது இல்லையா, இன்றே ஆரம்பிக்கலாம்.

ஒன்று, வீட்டில் எல்லோருடைய ஆதார், காப்பீட்டு அட்டை, ஆபா எண், ஆர்.சி.எச். எண் ஆகியவற்றை எடுத்துப் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரும் ஆர்.சி.எச். எண்ணும் இரண்டுமே 12 இலக்கம், மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு, கவுன்டரில் "புதுசா, பழசா?" என்று கேட்டால் அவசரத்தில் "புதுசு" என்று சொல்லாதீர்கள். பழைய ஓ.பி. சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அதே எண்ணில் பார்க்கலாம். உங்கள் கதை துண்டு துண்டாகாது.

மூன்று, உங்களுக்கு ஒத்துக்காத மருந்து, தொடர்ந்து சாப்பிடும் மருந்து, செய்யும் வேலை, இந்த மூன்றையும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நான்கு, ஆபா எண் கட்டாயம் அல்ல, உங்கள் விருப்பம். அதன் வழியாக உங்கள் பதிவை ஒரு மருத்துவமனை பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். ஓ.டி.பி. கேட்டால் எதற்கு என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். போனில் அழைத்துக் கேட்பவருக்குச் சொல்லவே சொல்லாதீர்கள்.

ஐந்து, உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

ஆறு, பதிவில் தவறு இருந்தால் அந்த இடத்திலேயே பணிவாகச் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கும் சுகாதாரச் சேவை பற்றிய புகாருக்கும் 104. மற்ற குறைகளுக்கு முதல்வரின் உதவி மையம் 1100. குறையைச் சொல்லும்போது நிலையத்தின் பெயர், தேதி, நேரம், பதிவு எண் நான்கையும் சேர்த்துச் சொன்னால் சரிசெய்பவருக்கு எளிது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணினி நின்றுபோனால் கவுன்டரில் இருப்பவர் மேல் கோபம் வரும், இயல்புதான். ஆனால் அந்த மென்பொருளை அவர் எழுதவில்லை. அதனால் கஷ்டப்படுவதில் அவருக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை போகும்போது, "இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு? மேல சொன்னீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சொல்ல அவரிடம் நிறைய இருக்கும். அதை அவர் சொல்லும்படி ஒரு நாளையும், சொன்னதைச் செய்யும்படி ஒரு தேதியையும் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.